பழைய ரேடியோவில் செய்த வால்வு கிட்டார் ஆம்ப்: பகலில் சரி, ராத்திரியில் ஈஎல்84 பிளேட் சிவக்கிறது

சத்துவாச்சாரி ஆறுகம்பி – சனி, இரவு 11:20

எல்லாருக்கும் வணக்கம். மூணு மாசமா வேலை முடிஞ்சு வந்து ராத்திரி உட்கார்ந்து செஞ்ச ஆம்ப் இது. பெரியப்பா வீட்டுப் பரண்ல ஒரு பழைய வால்வு ரேடியோ கிடந்தது. பெட்டியைக் கரையான் தின்னுடுச்சு. ஆனா சேசிஸ் (உலோகச் சட்டம்), மெயின்ஸ் டிரான்ஸ்பார்மர், அவுட்புட் டிரான்ஸ்பார்மர், ஈசெட்80 (ஏசியை டிசி ஆக்குற வால்வு), ஈஎல்84 (ஸ்பீக்கரை ஓட்டுற வால்வு) எல்லாம் உசுரோட இருந்துச்சு. ரேடியோ பகுதியை முழுசா கழட்டிட்டு, ஒரே குப்பிக்குள்ள ரெண்டு பாதி இருக்கற ஈசிசி83 வால்வு ஒண்ணு வாங்கிப் போட்டேன். அதோட முதல் பாதி, வால்யூம், ரெண்டாவது பாதி, அப்புறம் ஈஎல்84. ஸ்பீக்கர்ல இருந்து ரெண்டாவது பாதியோட கேதோடுக்கு (எலக்ட்ரான் கிளம்புற முனை) 22 கே, அதாவது கிலோ ஓம், ரெசிஸ்டர் வழியா ஃபீட்பேக் (அவுட்புட்ல கொஞ்சத்தைத் திருப்பிக் கொடுக்கறது).

முதல் நாள் ஆன் பண்ணதும் வால்யூம் எங்க இருந்தாலும் ஒரே விசில். அவுட்புட்டோட செகண்டரி முனை ரெண்டையும் மாத்திப் போட்டதும் நின்னுடுச்சு. ஃபீட்பேக் தலைகீழா போயிருக்குன்னு புரிஞ்சுது. அது வரைக்கும் நானே வந்துட்டேன். இப்போ மூணு தொல்லை:

ஒண்ணு, எப்பவும் ஒரு கொர்ர்ர் சத்தம். ரெண்டு, வால்யூமைப் பாதிக்கு மேல திருப்பினா ஒவ்வொரு சுரத்தோட வாலிலும் காகிதம் கிழியற மாதிரி ஷ்ர்ர்னு ஒட்டிகிட்டு வருது. மூணாவதுதான் பயமுறுத்துது. ராத்திரி வாசிச்சா இருபது நிமிஷத்துல ஈஎல்84 உள்ள இருக்கற சாம்பல் நிறத் தகடு, அதான் பிளேட், ஓரத்துல மங்கலா செவக்குது. ஞாயிறு மத்தியானம் ஒரு மணி நேரம் வாசிச்சேன், ஒண்ணும் ஆகல.

வால்வு போச்சா? வேற வாங்கணுமா? அடுத்த மாசம் சர்ச் சபையில வாசிக்கணும்னு ஆசை.

குடியாத்தம் மைக்செட் – ஞாயிறு, காலை 6:05

தம்பி, முதல்ல சுவிட்ச அமத்து. தகடு செவந்தா அரை நிமிஷம்கூட விடக்கூடாது. விட்டா வால்வோட போகாது, அவுட்புட் டிரான்ஸ்பார்மரையும் இழுத்துகினு போயிடும். வால்வு கிடைக்கும், அந்த அவுட்புட்டுக்கு எங்க போவ?

ரெண்டு கேள்வி. உன் ரேடியோல இருந்த வால்வெல்லாம் ஈ-ல தொடங்குதா, யு-ல தொடங்குதா? யுஎல்84, யுசிஎச்81ன்னு இருந்திருந்தா அது ஏசி-டிசி செட்டு. அதுல மெயின்ஸ் டிரான்ஸ்பார்மரே இருக்காது, சேசிஸ்லயே கரண்ட் நிக்கும். அதுல கிட்டார் கம்பிய மாட்டுனா உசுருக்கு ஆபத்து. உன்னது ஈ வரிசை, டிரான்ஸ்பார்மர் வேற சொல்றே, அதனால தப்பிச்ச. ஆனா பழைய ரேடியோக்கு ரெண்டு பின் ஒயர்தான் வந்திருக்கும். மூணு பின் போட்டு, எர்த்த சேசிஸ்ல தனி போல்ட்டுல முறுக்கி வெச்சியா? நீ கையில பிடிக்கிறது கம்பி. அந்தப் பக்கம் மைக்க வாயாண்ட வெச்சிகினு பாடுவ. ரெண்டுக்கும் நடுவுல நீதான் இருக்க.

இன்னொண்ணு. அமத்தின பிறகும் ஃபில்டர் கண்டன்சர்ல (டிசிய சமன் பண்றது) கரண்ட் நிக்கும். 10 கே 5 வாட் ரெசிஸ்டன்ஸ் ஒண்ணுல இன்சுலேஷன் ஒயர் கிளிப் போட்டு வெச்சிக்க. அத மாட்டி, பத்து எண்ணி, மீட்டர்ல பார்த்து, சைபர் வந்த அப்புறம்தான் கை வைக்கணும். இடது கை பாக்கெட்லயே இருக்கட்டும். நாற்பது வருஷம் மைக் செட் வெச்சிருந்தேன், இந்தப் பழக்கத்த ஒரு நாளும் விட்டதில்ல.

ஆம்பூர் ஐசி – ஞாயிறு, காலை 9:40

ஈஎல்84 புதுசு ஒண்ணு போட்டுப் பாருங்க ப்ரோ. அதுக்கு அம்பது வருஷம் ஆகியிருக்கும். கொர்ர் சத்தத்துக்கு ஃபில்டர்ல 220 மைக்ரோ ஃபாரட் கண்டன்சர் ஒண்ணு போட்டா முடிஞ்சுது. என் டிரான்சிஸ்டர் ஆம்ப்ல 4700 மைக்ரோ போட்டிருக்கேன், ஊசி விழுந்தா கேக்கும்.

காட்பாடி லேப் – ஞாயிறு, காலை 10:15

ஐசி தம்பி, தயவு செய்து அந்த 220-ஐ அவரைப் போட வைக்காதீங்க. ஈசெட்80-க்கு முதல் கண்டன்சர் அதிகபட்சம் 50 மைக்ரோதான். அதற்கு மேல் போட்டால் ஒவ்வொரு அரை சுற்றிலும் கண்டன்சரை நிரப்ப வால்வு தாங்க முடியாத மின்னோட்டத்தைக் கொடுக்க வேண்டியிருக்கும். கேதோடு பூச்சு உரிந்துவிடும். டயோடு பிரிட்ஜில் செல்லுகிற கணக்கு வால்வில் செல்லாது.

புது ஈஎல்84-உம் இப்போது வேண்டாம். தகடு சிவக்கக் காரணம் வால்வாக இருந்தால் பழையது போகும். காரணம் வெளியே இருந்தால் புதியதும் போகும். எது என்று தெரியாமல் காசு போட்டு வாங்கிய வால்வைப் பலி கொடுக்க வேண்டாம்.

ஆறுகம்பி, இவற்றை மட்டும் அளந்து சொல்லுங்கள். எல்லாம் சேசிஸுக்கு எதிராக, டிசி: ஈஎல்84-இல் பின் 7 பிளேட், பின் 9 ஸ்கிரீன் (கிரிட்டுக்கு அடுத்த வலை), பின் 3 கேதோடு, பின் 2 கிரிட் (மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் வலை; இதன் வோல்டேஜ் ஏறினால் மின்னோட்டமும் ஏறும்). ஈசிசி83-இல் பின் 1, பின் 6. ஹீட்டர் (வால்வைச் சூடாக்கும் இழை) மட்டும் ஏசி, பின் 4-க்கும் பின் 5-க்கும் நடுவே ஈஎல்84-இல். அப்புறம் சுவர் பிளக்கில் எத்தனை வோல்ட். கேதோடு ரெசிஸ்டர் எத்தனை ஓம் என்றும் எழுதுங்கள். நேரத்தையும் குறியுங்கள்.

சத்துவாச்சாரி ஆறுகம்பி – ஞாயிறு, மதியம் 2:30

ஐயா, மூணு பின் போட்டிருக்கேன், எர்த் தனி போல்ட். வால்வு எல்லாம் ஈ வரிசைதான். நன்றி, யு வரிசை விஷயம் எனக்குத் தெரியாது.

மேடம், மதியம் ஒண்ணே முக்காலுக்கு அளந்தது. சுவர்ல 228. பிளேட் 268, ஸ்கிரீன் 262, கேதோடு 7.4, கிரிட் 0. ஈசிசி83 பின் 1-ல 165, பின் 6-ல 180. ஹீட்டர் 6.5. கேதோடு ரெசிஸ்டர் 150 ஓம், ரேடியோல இருந்ததுதான், அளந்தா 151 காட்டுது.

காட்பாடி லேப் – ஞாயிறு, மாலை 5:10

கணக்கைப் போட்டுப் பார்ப்போம், எல்லாருக்கும் உதவும்.

கேதோடில் 7.4 வோல்ட், 150 ஓம். வகுத்தால் 49 மில்லி ஆம்பியர். இதில் ஸ்கிரீன் ஐந்தைக் குடிக்கும், மீதி 44 பிளேட்டுக்கு. பிளேட்டுக்கும் கேதோடுக்கும் இடையே 268-இல் 7.4 போக சுமார் 260 வோல்ட். பெருக்கினால் 11.4 வாட். ஈஎல்84 பிளேட் தாங்குவது 12 வாட். கரையைத் தொட்டுக்கொண்டு ஓடுகிறது, ஆனால் கரைக்குள்தான் இருக்கிறது. அதனால்தான் மத்தியானம் சிவக்கவில்லை.

எனவே இந்த அளவுகளால் பயன் இல்லை. நோய் இரவில் வருகிறது, நாம் பகலில் நாடி பிடிக்கிறோம். இரவு பதினோரு மணிக்கு, இருபது நிமிடம் ஓடிய பிறகு, இதே எட்டையும் மறுபடி அளக்க வேண்டும். சீக்கிரம் அளந்துவிட்டு உடனே அணைத்துவிடுங்கள்.

குடியாத்தம் மைக்செட் – ஞாயிறு, இரவு 8:00

மேடம் சொல்றது ரொம்ப சரி. எங்க ஊர்ல தறி ஓடுற நேரத்துல வோல்டேஜ் ஒண்ணு, தறி நின்ன பிறகு வேற ஒண்ணு. கெங்கையம்மன் சிரசு திருவிழாவுக்கு விடிய விடிய செட்டு ஓட்டுவோம். சாயங்காலம் மங்கலா எரியற சீரியல் பல்ப் பின்னிரவுல கண்ண கூசும். ரெண்டு மணிக்கு எழுந்து ஆம்ப்ளியோட டிரான்ஸ்பார்மர் டேப்ப மாத்தி வெப்பேன். இப்ப மார்கழி, ஏசி ஃபேன் எதுவும் ஓடல. வேலூர்லயும் ராத்திரி ஏறும்.

உன் டிரான்ஸ்பார்மர் பின்னாடி ஒரு வட்டமான செலக்டர் இருக்கும், 220, 240ன்னு எழுதியிருக்கும். எதுல நிக்குதுன்னு பாரு.

சத்துவாச்சாரி ஆறுகம்பி – திங்கள், அதிகாலை 12:10

அளந்துட்டேன். இருபது நிமிஷம் ஆனதும் செவப்பு தெரிய ஆரம்பிச்சுது, ஒரு நிமிஷத்துல எல்லாம் அளந்து அமத்திட்டேன்.

சுவர்ல 246. ஹீட்டர் 7.0. பிளேட் 280, கேதோடு 10.5. கிரிட் 0.

செலக்டர் 220-ல நிக்குது ஐயா. பெயின்ட் படிஞ்சு எழுத்தே தெரியல, துணியில மண்ணெண்ணெய் தொட்டுத் துடைச்ச பிறகுதான் தெரிஞ்சுது. நாற்பது வருஷமா அதுலயே இருந்திருக்கும்.

குடியாத்தம் மைக்செட் – திங்கள், காலை 5:50

கிடைச்சிட்டான் திருடன். பிளக்க சுவத்துல இருந்து கழட்டிட்டு 240-க்கு மாத்து. 7 வோல்ட் ஹீட்டர் எந்த வால்வுக்கும் ஆகாது, 6.3-க்குப் பத்து சதம் மேல போகவே கூடாது.

ஆம்பூர் ஐசி – திங்கள், காலை 8:20

சூப்பர். அப்போ வால்வு நல்லா இருக்கு. பிரச்சினை முடிஞ்சுது.

காட்பாடி லேப் – திங்கள், இரவு 7:30

முடியவில்லை. நாள் முழுக்க இந்தக் கணக்கு மனதில் உறுத்திக்கொண்டே இருந்தது.

செலக்டரை மாற்றத்தான் வேண்டும், அதில் சந்தேகமில்லை. ஆனால் 228 வோல்ட் 246 ஆனால் உயர்வு எட்டு சதவீதம். பிளேட் வோல்டேஜும் கேதோடு வோல்டேஜும் ஏறக்குறைய அதே விகிதத்தில், சற்றுக் கூடுதலாகவோ குறைவாகவோ ஏறும். 7.4 இருந்த இடத்தில் எட்டு, எட்டரை, போனால் போகிறது ஒன்பது வரலாம். பத்தரை எப்படி வந்தது? 10.5-ஐ 150-ஆல் வகுத்தால் 70 மில்லி ஆம்பியர். ஸ்கிரீனுக்கு ஏழு போக 63. சுமார் 270 வோல்ட்டால் பெருக்கினால் 17 வாட். வேறு யாரோ கிரிட்டை மேலே தள்ளுகிறார்கள். இன்னொன்றும் பாருங்கள். மெயின்ஸ் எட்டு சதவீதம் ஏறியும் பிளேட் 268-இலிருந்து 280-க்குத்தான் வந்திருக்கிறது, 289 ஆகியிருக்க வேண்டும். அதிக மின்னோட்டம் அதைக் கீழே இழுக்கிறது.

வால்வுக்கு உள்ளேயே வாயு கலந்திருந்தால் கிரிட் பாசிடிவ் ஆகும். அல்லது கப்ளிங் கண்டன்சர் (சிக்னலை மட்டும் விட்டு டிசி-யைத் தடுப்பது) ஒழுகினால் ஆகும். ஆனால் கிரிட்டில் சைபர் என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை. எந்த மீட்டரில் அளந்தீர்கள்? ஈசிசி83-இலிருந்து ஈஎல்84-க்குப் போகும் கண்டன்சர் புதியதா, ரேடியோவில் இருந்ததா?

சத்துவாச்சாரி ஆறுகம்பி – திங்கள், இரவு 9:45

அப்பாவோட முள் மீட்டர். டயல்ல 2 கிலோ ஓம் பெர் வோல்ட்னு போட்டிருக்கு. கிரிட்டுக்கு 10 வோல்ட் ரேஞ்சுல வெச்சேன்.

கண்டன்சர் ரேடியோல இருந்ததுதான், பழுப்பு நிற மெழுகு பூசினது, 0.022. பழசுக்கு ஒரு அழகான தொனி வரும்னு படிச்சேன், அதனால வெச்சுகிட்டேன். கழட்டி ஓம்ஸ்ல பார்த்தேன், முள் அசையவே இல்ல. நல்ல கண்டன்சர்தானே?

காட்பாடி லேப் – திங்கள், இரவு 10:30

அங்கேதான் இருக்கிறது.

உங்கள் முள் மீட்டர் 10 வோல்ட் ரேஞ்சில் வெறும் 20 கே ரெசிஸ்டர். ஈஎல்84 கிரிட்டிலிருந்து தரைக்கு நீங்கள் போட்டிருப்பது 470 கே என்று நினைக்கிறேன். மீட்டர் முனையை வைத்த கணமே அந்த 470 கே-வுக்குப் பக்கத்தில் 20 கே சேர்ந்துவிடுகிறது. ஒழுகும் மின்னோட்டம் மிகச் சின்னது, எல்லாம் மீட்டர் வழியாகத் தரைக்கு ஓடிவிடும். முள் அசையாது. அந்த ஒரு நொடி நீங்கள் நோயைக் குணப்படுத்திவிட்டு, நோய் இல்லை என்று எழுதுகிறீர்கள். டிஜிட்டல் மீட்டர் பெரும்பாலும் 10 மெகா ஓம், அது கிரிட்டுக்குப் பாரமே இல்லை. பக்கத்து வீட்டில், எலக்ட்ரீஷியனிடம், யாரிடமாவது ஒன்று கடன் வாங்குங்கள்.

ஓம்ஸில் பார்த்ததும் பயன்படாது. மீட்டர் ஒரு பேட்டரி வோல்டேஜில்தான் சோதிக்கிறது. அந்தக் கண்டன்சர் வேலை செய்யும் இடத்தில் ஒரு பக்கம் 180 வோல்ட் இருக்கிறது, ஈஎல்84-இன் சூடும் இருக்கிறது. மெழுகு காகிதம் குளிர்ந்திருக்கும்போது நல்ல பிள்ளை, சூடாகும்போதுதான் ஒழுகும். உங்கள் இருபது நிமிடம் அதுதான்.

செய்ய வேண்டியது: இரவு இருபது நிமிடம் ஓட்டி, டிஜிட்டல் மீட்டரைப் பின் 2-இல் வையுங்கள். பாசிடிவ் வந்தால், மீட்டர் அப்படியே இருக்க, துணி சுற்றி ஈஎல்84-ஐச் சாக்கெட்டிலிருந்து பிடுங்குங்கள். வோல்டேஜ் அப்படியே நின்றால் குற்றவாளி கண்டன்சர். சைபருக்கு விழுந்தால் வால்வு. பிடுங்கியதும் பாரம் இல்லாமல் ஹெச்டி (வால்வுகளுக்குப் போகும் உயர் டிசி வோல்டேஜ்) ஏறும். 250-0-250 டிரான்ஸ்பார்மர் என்றால் இரவில் 400-ஐ ஒட்டி வரலாம். ஃபில்டர் கண்டன்சர் 450 வோல்ட்டா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள், 350 என்றால் இந்தச் சோதனை வேண்டாம், கண்டன்சரையே மாற்றிவிடுங்கள்.

பாகாயம் பேஸ் – செவ்வாய், காலை 7:15

நாலு நாளா சத்தமில்லாம படிச்சுகிட்டு இருக்கேன். மீட்டரே சர்க்யூட்ல சேர்ந்துடும்னு டிப்ளமோல படிச்சேன், பரீட்சையில எழுதினேன், இன்னைக்குத்தான் புரிஞ்சுது. நன்றி அக்கா.

சத்துவாச்சாரி ஆறுகம்பி – செவ்வாய், இரவு 11:55

கை இன்னும் நடுங்குது. சந்தோஷத்துலதான்.

தெருமுனை எலக்ட்ரீஷியன் அண்ணன்கிட்ட டிஜிட்டல் மீட்டர் வாங்கினேன். ஃபில்டர் 450 வோல்ட், 470 கே சரி. ஆன் பண்ண அஞ்சாவது நிமிஷம் பின் 2-ல 0.3. பத்தாவது நிமிஷம் 0.9. இருபதாவது நிமிஷம் பிளஸ் 2.1. அதே இடத்துல முள் மீட்டரையும் வெச்சேன். டிஜிட்டல் உடனே 0.1-க்கு விழுந்துச்சு. முள்ள எடுத்தேன், மறுபடி 2.1. வெச்சு எடுத்து வெச்சு எடுத்து நாலு தடவை பார்த்தேன், நம்பவே முடியல.

அப்புறம் துணி சுத்தி ஈஎல்84-ஐப் பிடுங்கினேன். 2.1 அசையல.

காட்பாடி லேப் – புதன், காலை 6:40

அருமையாக அளந்திருக்கிறீர்கள். இரண்டு மீட்டரையும் ஒன்றாக வைத்துப் பார்க்க எனக்கே தோன்றவில்லை.

470 கே-இல் 2.1 வோல்ட் என்றால் 4.5 மைக்ரோ ஆம்பியர். அந்தப் பக்கம் 180 வோல்ட். ஆக உங்கள் கண்டன்சரின் ஒழுகல் சுமார் 40 மெகா ஓம். நாற்பது மெகா ஓம் என்றால் காகிதத்தில் பெரிய எண். முள் மீட்டர் அதை முடிவிலி என்றே காட்டும். ஆனால் ஈஎல்84-இன் கிரிட்டுக்கு அது போதும், ஒரு வோல்ட் மாற்றத்துக்குப் பதினோரு மில்லி ஆம்பியர் தூக்கக்கூடிய வால்வு அது. கேதோடு ரெசிஸ்டர் கொஞ்சம் தடுத்து நிறுத்தியதால்தான் இத்தனை நாள் பிழைத்தது.

0.022 மைக்ரோ, 630 வோல்ட் பாலிஸ்டர் போடுங்கள். ரேடியோவிலிருந்து எடுத்த மெழுகு கண்டன்சர் வேறு எங்கு இருந்தாலும், ஒன்று விடாமல் எடுத்துவிடுங்கள். தொனி பற்றி நீங்கள் படித்தது எனக்கும் தெரியும். ஒழுகும் கண்டன்சரின் தொனி எரியும் வால்வின் தொனி.

அரக்கோணம் லோக்கல் – புதன், காலை 8:05

நான் தினமும் சென்னை போறேன். ரிச்சி தெருவுல 630 வோல்ட் பாலிஸ்டர் கிடைக்கும். வேலூர்ல கேட்டா 400 வோல்ட் கொடுப்பாங்க, பின் 6-ல சிக்னல் ஏறும்போது முழு ஹெச்டி பக்கத்துல போகும், 630-ஏ போடுங்க. லிஸ்ட் கொடுத்தா சனிக்கிழமை காட்பாடி ஸ்டேஷன்ல கையில கொடுத்துடறேன்.

குடியாத்தம் மைக்செட் – புதன், காலை 9:30

என் தப்பையும் எழுதிடறேன். செலக்டர பார்த்ததும் திருடன் கிடைச்சிட்டான்னு சொன்னேன். ஒருத்தன் பிடிபட்டான், இன்னொருத்தன் உள்ள உக்காந்திருந்தான். மேடம் கணக்கு போடலன்னா தம்பி 240-ல வெச்சி ஓட்டியிருப்பான். செவப்பு குறைஞ்சிருக்கும், ஆறு மாசத்துல வால்வு போயிருக்கும், பழைய வால்வு அப்படித்தான்னு சொல்லியிருப்போம்.

அந்த ஈஎல்84 மேல என்ன எழுதியிருக்கு தம்பி?

சத்துவாச்சாரி ஆறுகம்பி – புதன், இரவு 10:20

பெல்னு எழுதியிருக்கு ஐயா. நம்ம ராணிப்பேட்டை பெல்லா?

குடியாத்தம் மைக்செட் – வியாழன், காலை 6:00

இல்ல தம்பி. ராணிப்பேட்டைல இருக்கறது கொதிகலன் சாமான் செய்யற பெல். இது பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ். 1960கள்ல இருந்து அங்க வால்வு செஞ்சாங்க. நல்ல வால்வு. என் செட்டுலயும் அதான். பத்திரமா வெச்சிக்க.

சத்துவாச்சாரி ஆறுகம்பி – ஞாயிறு, இரவு 11:40

அரக்கோணம் அண்ணனுக்கு நன்றி, அஞ்சு நிமிஷம் ரயில் நிக்கறதுக்குள்ள ஜன்னல் வழியா பொட்டலத்தைக் கொடுத்துட்டார், காசு வாங்கல.

மெழுகு கண்டன்சர் மூணும் எடுத்தாச்சு. செலக்டர் 240. பல்ப் வழியாவே கரண்ட் போற சீரீஸ் போர்டுல 60 வாட் குண்டு பல்ப் போட்டு ஆன் பண்ணேன். பளிச்னு எரிஞ்சு மங்கிடுச்சு, அப்புறம்தான் நேரடியா கொடுத்தேன். ராத்திரி 11 மணி, சுவர்ல 246, நாற்பது நிமிஷம் ஓடின பிறகு: ஹீட்டர் 6.4, பிளேட் 265, கேதோடு 7.3, கிரிட் 0.00, டிஜிட்டல் மீட்டர்ல. கணக்கு நானே போட்டேன், 11.2 வாட். விளக்கை அணைச்சிட்டு இருட்டுல பத்து நிமிஷம் பார்த்துகிட்டே இருந்தேன். ஹீட்டரோட ஆரஞ்சு மட்டும்தான்.

கொர்ர் சத்தமும் ஷ்ர்ரும் அப்படியே இருக்கு.

காட்பாடி லேப் – திங்கள், காலை 7:00

கொர்ர் எந்தச் சுரம்? கிட்டாரில் தடித்த கம்பியின் மூன்றாவது ஃப்ரெட்டில் வரும் ஜி 98 ஹெர்ட்ஸ். அதோடு ஒத்துப்போனால் அது 100 ஹெர்ட்ஸ், அதாவது ரெக்டிஃபையருக்குப் பின்னால் ஃபில்டர் போதவில்லை. அதைவிட ஒரு ஆக்டேவ் கீழே, அடிவயிற்றில் முனகுவது போல இருந்தால் 50, அது ஹீட்டர் அல்லது தரை இணைப்பு. ஈசிசி83-ஐப் பிடுங்கிவிட்டும் கேட்டுச் சொல்லுங்கள்.

சத்துவாச்சாரி ஆறுகம்பி – திங்கள், இரவு 9:30

ரெண்டும் இருக்கு! ஈசிசி83 இருக்கும்போது ரெண்டும் கலந்து வருது. பிடுங்கினா ஜி மட்டும், கொஞ்சமா.

பாகாயம் பேஸ் – திங்கள், இரவு 10:05

ஈசிசி83-ஐ எடுத்தும் நிக்கிற 100 ஹெர்ட்ஸ் ஃபில்டர்தான். அந்த 450 வோல்ட் டப்பா ரேடியோவோடதுதானே? உள்ள காய்ஞ்சிருக்கும். 47 மைக்ரோ 450 வோல்ட் ரெண்டு போடுங்க, முதலாவது 47-ஐத் தாண்ட வேணாம், அக்கா சொன்ன 50 கணக்கு.

அம்பது ஹெர்ட்ஸுக்கு: ரேடியோல ஹீட்டரோட ஒரு முனையை அப்படியே சேசிஸ்ல ஈயம் வெச்சு ஒட்டியிருப்பாங்க. ரேடியோவுக்கு அது போதும், கிட்டாருக்குப் போதாது. அதைக் கழட்டிட்டு ரெண்டு முனையில இருந்தும் 100 ஓம், 100 ஓம் போட்டு நடுவைத் தரையில சேர்த்துடுங்க. ரெண்டு பக்கமும் எதிரெதிரா சமமா இருந்தா சத்தம் ஒண்ணையொண்ணு அழிச்சுக்கும். ஹீட்டர் ஒயரை இறுக்கமா முறுக்கி சேசிஸ் மூலையில ஓட்டுங்க. என் ஆம்ப்ல இது ஒண்ணுதான் பாதி சத்தத்தைக் குறைச்சுது.

கரண்ட் போய் இன்வெர்ட்டர்ல ஓடும்போது வர்ற ஜிர்ர் வேற. சதுர அலை இன்வெர்ட்டரா இருந்தா அது எல்லா வால்வு ஆம்ப்லயும் வரும், அதைத் துரத்திகிட்டு போகாதீங்க.

காட்பாடி லேப் – திங்கள், இரவு 10:50

பேஸ் சொன்னது எல்லாம் சரி. ஷ்ர்ர் விஷயத்துக்கு: ஈஎல்84 கிரிட்டில் சாக்கெட்டை ஒட்டி ரெசிஸ்டர் ஏதாவது இருக்கிறதா, இல்லை ஒயர் நேராகப் பின் 2-க்கு வருகிறதா?

சத்துவாச்சாரி ஆறுகம்பி – செவ்வாய், காலை 6:30

நேராதான் வருது. ஏழெட்டு அங்குல ஒயர், பிளேட் ஒயர் பக்கத்துலயே.

காட்பாடி லேப் – செவ்வாய், காலை 7:10

அப்படியென்றால் நாம் காதால் கேட்க முடியாத மிக உயர்ந்த அதிர்வெண்ணில் அது தானாகவே பாடுகிறது. சுரம் உச்சத்தில் இருக்கும்போது மட்டும் வெடித்து அடங்கும், நமக்குக் கேட்பது அதன் ஓரம். வால்யூமை ஏற்றி வைத்து, காய்ந்த மூங்கில் குச்சியால் கிரிட் ஒயரை மெதுவாக நகர்த்திப் பாருங்கள். சத்தம் மாறினால் உறுதி. குச்சி நீளமாக இருக்கட்டும், இன்னொரு கை பாக்கெட்டில்.

4.7 கே ரெசிஸ்டரின் காலைப் பின் 2-இன் மேலேயே ஒட்ட வெட்டிச் சால்டர் செய்யுங்கள், ஒயர் அதன் மறுமுனைக்கு வரட்டும். ரெசிஸ்டர் இரண்டு அங்குலம் தள்ளி இருந்தால் பிரயோஜனம் இல்லை. பின் 9-இல் 100 ஓம். கிரிட் ஒயரைக் குட்டையாக்கி, பிளேட் ஒயரிலிருந்து விலக்குங்கள்.

சத்துவாச்சாரி ஆறுகம்பி – சனி, இரவு 10:15

குச்சி பட்டதும் ஷ்ர்ர் மறைஞ்சுது, எடுத்ததும் வந்துச்சு. 4.7 கே போட்ட பிறகு முழு வால்யூம்லயும் சுத்தம். ஃபில்டர், ஹீட்டர் 100 ஓம் ரெண்டும் முடிச்சேன். ஸ்பீக்கர்ல காதை வெச்சாதான் கொஞ்சம் ஹம் தெரியுது.

இனிமே தொனி. தடித்த கம்பியை அழுத்தி அடிச்சா கொழகொழன்னு இருக்கு. வால்யூம்ல இருந்து ரெண்டாவது பாதிக்குப் போற இடத்துக்கு முன்னாடி 0.1 போட்டிருக்கேன்.

பாகாயம் பேஸ் – சனி, இரவு 11:00

உங்க அவுட்புட் டிரான்ஸ்பார்மர் ரேடியோவுக்காகச் சுத்தினது, கோர் சின்னது. கீழ் ஒலியை அது தாங்காது, அதனாலதான் கொழகொழப்பு. தாங்காததை அதுகிட்ட அனுப்பாதீங்க. ஈஎல்84-க்குப் போற கப்ளிங்ல 0.022-ஐ எடுத்துட்டு 0.0047 போட்டா, 470 கே-வோட சேர்ந்து 72 ஹெர்ட்ஸ்ல இருந்து கீழே வெட்டும். தடித்த ஈ கம்பி 82 ஹெர்ட்ஸ், அது தப்பிச்சுடும். முதல் கேதோடுல 25 மைக்ரோ இருந்தா 1 மைக்ரோ போட்டுப் பாருங்க. ஒரு நேரத்துல ஒண்ணு மட்டும் மாத்துங்க, மாத்தின பிறகு ரெண்டு நாள் வாசிங்க. அன்னைக்கு ராத்திரி காது சொல்றதை நம்பாதீங்க.

ஃபீட்பேக்கை ஒரு சுவிட்ச்ல வெச்சா நல்லா இருக்கும். சபையில பாட்டுக்குப் பின்னாடி வாசிக்கும்போது இருக்கட்டும், வீட்டுல தனியா வாசிக்கும்போது கழட்டுங்க. கழட்டினா சத்தம் கூடும், ஓரம் கொஞ்சம் முரடாகும். எனக்கு அந்த முரடு பிடிக்கும். வாக்ஸ் ஏசி30-ல நாலு ஈஎல்84 ஃபீட்பேக் இல்லாமத்தான் பாடுது.

சத்துவாச்சாரி ஆறுகம்பி – அடுத்த ஞாயிறு, மாலை 4:20

0.0047 நின்னுடுச்சு. கேதோடுல 1 மைக்ரோ ஒல்லியா இருந்துச்சு, 4.7 போட்டேன், அதுல நிறுத்திட்டேன். ஃபீட்பேக் சுவிட்ச் போட்டாச்சு.

இன்னைக்குக் காலை ஆராதனையில வாசிச்சேன். மைக் ஒண்ணு முன்னாடி வெச்சாங்க. அஞ்சு வாட் அந்த மண்டபத்துக்குப் போதாதுன்னு நெனச்சேன், ஆனா மைக் வழியா வந்தப்போ ஒவ்வொரு கம்பியும் தனித்தனியா கேட்டுச்சு. பெரியப்பா மூணாவது வரிசையில இருந்தார். முடிஞ்சதும் வந்து சேசிஸ்ல இருந்த பழைய ஓட்டைகளை விரலால தொட்டுப் பார்த்தார், டயல் இருந்த இடம் எது, கைப்பிடி இருந்த இடம் எதுன்னு.

காட்பாடி லேப் – ஞாயிறு, இரவு 8:10

மிகவும் மகிழ்ச்சி. ஒரு வேண்டுகோள். எடுத்த மெழுகு கண்டன்சரைத் தூக்கிப் போட்டுவிட்டீர்களா? இல்லையென்றால் எனக்குத் தருவீர்களா? என் மாணவர்கள் எல்லாரும் ஓம்ஸில் வைத்துப் பார்த்துவிட்டு நல்லது என்பார்கள். 180 வோல்ட் கொடுத்து, பக்கத்தில் ஒரு பல்பை எரியவிட்டுச் சூடேற்றி, இரண்டு மீட்டரையும் வைத்துக் காட்ட வேண்டும்.

சத்துவாச்சாரி ஆறுகம்பி – ஞாயிறு, இரவு 8:25

தீப்பெட்டியில போட்டு வெச்சிருக்கேன் மேடம். வியாழக்கிழமை காட்பாடி வர்றேன், அப்பாவோட முள் மீட்டரையும் கொண்டு வரவா?

காட்பாடி லேப் – ஞாயிறு, இரவு 8:30

கட்டாயம் கொண்டு வாருங்கள்.